இழையை உருவாக்குவதும் தொடங்குவதும்: சி மொழி பற்றிய வாசகர் கேள்விகள்

சி மொழியில் திரெட் எழுதப் பழகிவரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழினை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நிரலுக்குள் மற்றவற்றோடு இணையாக ஓடும் தனித்த செயல்தொடரான திரெட் என்பதை ‘இழை’ என்றும், செயற்கூறுகளின் (ஃபங்ஷன்) பெயர்களை அவற்றின் ஒலிப்பிலேயே தமிழ் எழுத்திலும் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஜாவாவில் இழைக்கான பொருளை முதலில் உருவாக்கி, அதன்பின் ஸ்டார்ட் என்ற மெத்தடை அழைத்து ஓட விடுகிறோம். சி மொழியிலோ பிதிரெட்_கிரியேட் என்ற ஒரே அழைப்பைத்தான் எல்லா எடுத்துக்காட்டுகளிலும் காண்கிறேன். தொடங்குவதற்கான அழைப்பு எங்கே இருக்கிறது? ஓர் இழையை இப்போது உருவாக்கிவிட்டுப் பிறகு தொடங்க வழி உண்டா?

பதில்: தொடங்குவதற்கென்று தனி அழைப்பு கிடையாது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸின் இழைகளில் உருவாக்குவதே தொடங்குவதாகும். இந்த ஒரு செய்தியை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொண்டால், தொடக்க நிலையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவற்றின் வேர் எங்கே இருக்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிதிரெட்_கிரியேட் நான்கு செயலுருபுகளை (ஆர்கியூமென்ட்) பெறுகிறது. முதலாவது, புதிய இழையின் அடையாள எண்ணை எழுதிவைக்க வேண்டிய பிதிரெட்_டி மாறியின் முகவரி. இரண்டாவது, இழையின் பண்புகள். இயல்பான பண்புகளே போதுமென்றால் இங்கே நல் என்று கொடுத்துவிடலாம். மூன்றாவது, இழை ஓட்ட வேண்டிய செயற்கூறு; அது வாய்ட் பாயிண்டர் ஒன்றைப் பெற்று வாய்ட் பாயிண்டர் ஒன்றைத் திருப்பித் தருவதாகவே இருக்க வேண்டும். நான்காவது, அந்தச் செயற்கூறுக்கு அனுப்பிவைக்கும் பாயிண்டர். மூன்றாவது இடத்தில் வேறு வடிவிலான செயற்கூறு ஒன்றை வைத்துவிட்டு, கம்பைலர் எச்சரிக்கும்போது காஸ்ட் போட்டு அதன் வாயை அடைப்பவர்கள் பலர். அப்படிச் செய்தால் நிரலின் நடத்தைக்கு மொழி எந்த உறுதியும் தருவதில்லை. செயற்கூறின் தலைப்பையே சரியான வடிவில் எழுதுவதுதான் முறை.

அழைப்பு நிகழ்ந்ததும், லினக்ஸில் புதிய இழைக்கான ஸ்டாக் (உள்ளக மாறிகள் வாழும் நினைவகப் பகுதி) ஒதுக்கப்பட்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கான குளோன் வகை அழைப்பு ஒன்றின் வழியாக இழை உருவாகிறது. அந்தக் கணத்திலிருந்தே அது ஓடத் தகுதி பெற்றுவிடுகிறது. உருவாக்கிய இழை முதலில் தொடருமா, புதிய இழை முதலில் ஓடுமா, இரண்டும் வெவ்வேறு கோர்களில் ஒரே சமயத்தில் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது கெர்னலின் ஷெட்யூலர். அதைக் குறித்துப் போசிக்ஸ் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. பிதிரெட்_கிரியேட் திரும்பி வருவதற்கு முன்னரே புதிய இழை தன் வேலையை முழுவதும் முடித்துவிட்டிருக்கவும் கூடும். ஆகவே, முதல் செயலுருபாகக் கொடுத்த மாறியில் தன் அடையாள எண் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் என்று நம்பிப் புதிய இழை அதை வாசிப்பது தவறு. தன் எண் தேவைப்படும் இழை பிதிரெட்_செல்ஃப் செயற்கூறை அழைத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பிறகு தொடங்கும் வசதி விண்டோஸில் இருக்கிறது. அங்கே கிரியேட்திரெட் அழைப்பில் இடைநிறுத்திய நிலையைக் கோரும் குறியைக் கொடுத்து இழையை உருவாக்கி, வேண்டும்போது ரெஸ்யூம்திரெட் அழைத்து ஓட விடலாம். போசிக்ஸில் அதற்கு ஈடான குறி இல்லை. எனவே கதவை நாமே கட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூட்டெக்ஸ் ஒன்று, எழுப்பும் வரை இழையைக் காத்திருக்க வைக்கும் கண்டிஷன் மாறி ஒன்று, ‘தொடங்கலாம்’ என்பதைக் குறிக்கும் ஓர் இன்ட் மாறி ஆகிய மூன்றும் போதும். புதிய இழை தன் செயற்கூறின் முதல் வேலையாக மியூட்டெக்ஸைப் பூட்டி, அந்த மாறி சுழியமாக இருக்கும் வரை பிதிரெட்_காண்ட்_வெயிட் அழைப்பில் காத்திருக்கும். முதன்மை இழை எல்லாவற்றையும் ஆயத்தம் செய்தபின் அதே மியூட்டெக்ஸைப் பூட்டி, மாறியை 1 ஆக்கி, பிதிரெட்_காண்ட்_பிராட்காஸ்ட் அழைத்துக் காத்திருக்கும் இழைகள் அனைத்தையும் எழுப்பிவிடும். காத்திருக்கும் இடத்தில் இஃப் எழுதாமல் வைல் மடக்கையே எழுத வேண்டும். ஏனெனில் எவரும் எழுப்பாமலேயே அந்த அழைப்பு திரும்பி வருவதற்குப் போசிக்ஸ் இடம் கொடுத்திருக்கிறது. எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும் என்பது மட்டுமே தேவையென்றால், பிதிரெட்_பேரியர் இன்னும் எளிது: இழைகளின் எண்ணிக்கையோடு முதன்மை இழைக்காக ஒன்றைக் கூட்டிப் பேரியரைத் துவக்கிவைத்தால், கடைசி இழை வந்து சேரும் வரை எவரும் அதைத் தாண்ட மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்னபின், என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘பிறகு தொடங்க வேண்டும்’ என்று கேட்பவர்களுள் பெரும்பாலோருக்கு உண்மையில் அந்தக் கதவு தேவைப்படுவதில்லை. உருவாக்கும் அழைப்பைக் கீழே இறக்கி எழுதினாலே போதும். இழைக்குத் தேவையான தரவுகளையெல்லாம் முதலில் நிரப்பிவிட்டு, அதன்பின் பிதிரெட்_கிரியேட் அழையுங்கள். அந்த அழைப்புக்கு முன்னர் நீங்கள் நினைவகத்தில் எழுதியவை அனைத்தும் புதிய இழைக்குச் சரியாகத் தெரியும் என்பதைப் போசிக்ஸ் உறுதி செய்கிறது. அதற்குப் பின்னர் எழுதுபவற்றுக்கு அந்த உறுதி இல்லை. ஸ்லீப் அழைத்து ஒரு நொடி காத்திருந்தால் எல்லாம் வரிசைப்பட்டுவிடும் என்று எண்ணுவது பயன் தராது. சுமை மிகுந்த ஒரு கணினியில் அந்த ஒரு நொடியும் போதாமல் போகலாம்.

கேள்வி: ஃபார் மடக்கில் பத்து இழைகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் மடக்கு மாறியான ஐ-யின் முகவரியை அனுப்பினேன். 0 முதல் 9 வரை அச்சாகும் என எதிர்பார்த்தேன். ஆனால் ஒருமுறை 2 என்பது இருமுறை வருகிறது. இன்னொருமுறை 10 கூட வருகிறது. பிழையைத் தேடுவதற்காக மடக்கினுள் ஒரு பிரிண்ட்எஃப் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. என் கணினியில் ஏதேனும் கோளாறா?

பதில்: கணினியில் கோளாறு இல்லை, அனுப்பியது எண்ணையன்று, எண் இருக்கும் பெட்டியின் முகவரியை என்பதே இதன் விளக்கம். பத்து இழைகளுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள். முதன்மை இழை அந்தப் பெட்டியிலுள்ள எண்ணை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிக்கொண்டே போகிறது. புதிய இழை எப்போது கண் விழித்து அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கிறதோ அப்போது அதில் இருப்பதையே எடுத்துக்கொள்கிறது. இரண்டு இழைகள் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே எண் இருமுறை வரும். மடக்கு முடிந்தபின் பார்த்தால் 10 வரும். மாறியை ஃபார் வரிக்குள்ளேயே அறிவித்திருந்தால், மடக்கு முடிந்ததும் அதன் ஆயுளும் முடிந்துவிடுகிறது. அதன்பின் அதை வாசிக்கும் இழைக்கு எந்த எண் கிடைக்கும் என்பதைக் கூற இயலாது.

பிரிண்ட்எஃப் சேர்த்ததும் சரியானது போலத் தோன்றியதற்கும் காரணம் இதுவே. அச்சிடும் வேலை முதன்மை இழையைச் சிறிது தாமதப்படுத்துகிறது. அந்த இடைவெளியில் புதிய இழை முந்திக்கொண்டு எண்ணை எடுத்துவிடுகிறது. பிழை நீங்கவில்லை, ஒளிந்துகொண்டது. நான் இழைகளைப் பழகத் தொடங்கிய காலத்தில், ஒரே ஒரு கோர் கொண்ட கணினியில் பல மாதங்கள் ஒழுங்காக ஓடிய என் நிரல் ஒன்று, நான்கு கோர் கொண்ட கணினிக்கு மாற்றிய அன்றே தவறான விடைகளைத் தரத் தொடங்கியது. மூன்று நாள் தேடியபின் கிடைத்தது இதே பிழைதான். அதனால்தான் இந்தக் கேள்விக்கும் சற்று அதிக இடம் ஒதுக்குகிறேன்.

சரிசெய்ய மூன்று வழிகள் உள்ளன. எண் ஒன்றை மட்டும் அனுப்ப வேண்டுமானால், அதை இன்ட்பிடிஆர்_டி வகைக்கு மாற்றி, அங்கிருந்து வாய்ட் பாயிண்டராக மாற்றி அனுப்பலாம். இழை அதே வழியில் திரும்ப மாற்றிக்கொள்ளும். இதில் முகவரி என்று எதுவும் இல்லை, எண்ணே பாயிண்டரின் உடையை அணிந்து செல்கிறது. சிறிய நிரல்களில் இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாளை இரண்டாவது தகவல் ஒன்றையும் அனுப்ப வேண்டிவந்தால் இது உதவாது.

இரண்டாவது வழி, ஒவ்வொரு சுற்றிலும் மாலாக் அழைத்துப் புதியதோர் இடத்தைப் பெற்று, அதில் தரவுகளை எழுதி, அந்த முகவரியை அனுப்புவது. இங்கே ஒரு கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும்: அந்த இடத்தை விடுவிப்பவர் யார்? தரவைப் பெற்றுக்கொண்ட இழையே பயன்படுத்தி முடித்தபின் ஃப்ரீ அழைக்க வேண்டும் என்பது பொதுவான உடன்பாடு. ஆனால் பிதிரெட்_கிரியேட் தோல்வியடைந்தால் பெற்றுக்கொள்ள இழையே இல்லை. அப்போது மட்டும் உருவாக்க முயன்றவரே ஃப்ரீ அழைக்க வேண்டும். இந்தக் கிளையை எழுத மறப்பவர்கள் மிகுதி.

மூன்றாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். இழை ஒன்றுக்குத் தேவையான தகவல்கள் அனைத்தையும் ஒரு ஸ்ட்ரக்சரில் வையுங்கள்: அதன் வரிசை எண், அது கையாள வேண்டிய தரவின் தொடக்கமும் முடிவும், அது கண்டறியும் விடையை எழுதிவைக்க ஓர் இடம். பத்து இழைகளுக்குப் பத்து ஸ்ட்ரக்சர்கள் கொண்ட ஓர் அணியை அமைத்து, ஒவ்வோர் இழைக்கும் அணியின் ஓர் உறுப்பின் முகவரியை மட்டும் கொடுங்கள். ஒருவர் பெட்டியை இன்னொருவர் தொடுவதில்லை என்பதால் பூட்டும் தேவைப்படாது. இழைகள் முடிந்தபின் விடைகளும் அதே அணியில் வரிசையாகக் காத்திருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: இழைகள் அனைத்தும் முடியும் வரை அந்த அணி உயிரோடு இருக்க வேண்டும். இழைகளை உருவாக்கும் செயற்கூறில் அணியை உள்ளக மாறியாக அறிவித்துவிட்டு, ஜாயின் அழைக்காமல், அதாவது இழைகள் முடியக் காத்திருக்காமல், அந்தச் செயற்கூறிலிருந்து திரும்பிவிட்டால், அணி இருந்த ஸ்டாக் இடத்தை அடுத்த அழைப்பு எடுத்துக்கொள்ளும். இழைகளோ அந்தப் பழைய முகவரியையே இன்னும் நம்பிக்கொண்டிருக்கும். முகவரியை ஓர் இழையிடம் ஒப்படைக்கும்போதெல்லாம், அந்த முகவரியிலுள்ள பொருள் எது வரை வாழும் என்பதையும் கூடவே கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், உங்கள் கேள்வியில் உள்ள பிழையும் அதன் உறவினர்களும் மீண்டும் வரமாட்டா.

கேள்வி: என் நிரல் இழையை உருவாக்குகிறது, கம்பைலர் எந்தப் பிழையும் காட்டவில்லை. ஆனால் இழை அச்சிட வேண்டிய வரி பெரும்பாலும் திரையில் வருவதேயில்லை. ஏன்?

பதில்: உங்கள் மெயின் செயற்கூறு முடிந்துவிடுவதால்தான். மெயினிலிருந்து திரும்புவது எக்சிட் அழைப்பதற்குச் சமம். அது முதன்மை இழையை மட்டுமன்றி முழுப் பிராசஸையும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முழுவதையும்), அதில் எத்தனை இழைகள் ஓடிக்கொண்டிருந்தாலும் அவை அனைத்தோடும் சேர்த்து, முடித்துவிடுகிறது. மெயினின் இறுதியில் ஒவ்வோர் இழைக்கும் பிதிரெட்_ஜாயின் அழைத்தால், அந்த இழை முடியும் வரை மெயின் காத்திருக்கும்.

காத்திருக்க விருப்பமில்லை, ஆனால் மற்ற இழைகள் தொடர வேண்டும் என்றால், மெயினின் கடைசியில் ரிட்டர்ன் எழுதாமல் பிதிரெட்_எக்சிட் அழையுங்கள். கடைசி இழை முடிந்ததும் பிராசஸ் தானாக முடியும். பிதிரெட்_டிட்டாச் அழைத்துவிட்டால் மெயின் முடிந்தாலும் இழை பிழைத்திருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. டிட்டாச் என்பது, அந்த இழைக்கு எவரும் ஜாயின் அழைக்கப் போவதில்லை, முடிந்ததும் அதன் வளங்களைத் தானாக விடுவித்துக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு மட்டுமே. பிராசஸ் முடிந்தால் அந்த இழையும் முடிந்துவிடும்.

கேள்வி: இழையின் செயற்கூறில் ஒரு சொற்சரத்தை உருவாக்கி அதைத் திருப்பித் தருகிறேன். பிதிரெட்_ஜாயின் வழியாக அதை வாங்கி அச்சிட்டால் குப்பையான எழுத்துகள் வருகின்றன.

பதில்: சொற்சரத்தை அந்தச் செயற்கூறின் உள்ளக அணியில் வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். செயற்கூறு திரும்பும்போது அதன் உள்ளக மாறிகளின் ஆயுளும் முடிந்துவிடுகிறது. நீங்கள் பெறுவது இல்லாத வீட்டின் முகவரி. மாலாக் மூலம் பெற்ற இடத்தில் எழுதித் திருப்பித் தாருங்கள், வாங்கியவர் ஃப்ரீ செய்யட்டும். அல்லது இரண்டாம் கேள்விக்குச் சொன்ன ஸ்ட்ரக்சரிலேயே விடைக்கும் இடம் ஒதுக்கிவிடுங்கள்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு பிழையையும் குறிப்பிட வேண்டும். பிதிரெட்_ஜாயினின் இரண்டாவது செயலுருபு, வாய்ட் பாயிண்டர் ஒன்றின் முகவரியாக இருக்க வேண்டும். சிலர் இன்ட் மாறி ஒன்றின் முகவரியைக் காஸ்ட் போட்டு அங்கே கொடுத்துவிடுகிறார்கள். 64 பிட் கணினிகளில் பாயிண்டரின் அளவு 8 பைட், இன்ட்டின் அளவு பெரும்பாலும் 4 பைட். எனவே அந்த அழைப்பு உங்கள் மாறியைத் தாண்டி அடுத்த 4 பைட்டையும் அழித்து எழுதுகிறது. பக்கத்திலிருக்கும் வேறொரு மாறி காரணமின்றிச் சுழியமானால், முதலில் இந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு இழைகள் ஒரே பொது மாறியை ஆளுக்கு 1,00,000 முறை ஒன்றொன்றாகக் கூட்டுகின்றன. விடை 2,00,000 வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அதைவிடக் குறைவான வெவ்வேறு எண் வருகிறது. ஆனால் கம்பைலரிடம் உகப்பாக்கம் (நிரலை வேகப்படுத்தல்) கேட்டால் 2,00,000 வருகிறது. மாறியை வாலடைல் என்று அறிவித்தும் பார்த்தேன், பயனில்லை.

பதில்: ஒன்றைக் கூட்டுவது நம் கண்ணுக்கு ஒரே செயல், பொறியின் அளவில் அது படித்தல், கூட்டுதல், திரும்ப எழுதுதல் என மூன்று செயல்கள். இரண்டு இழைகளும் 57 என்பதைப் படித்து, இரண்டும் 58 என்றே எழுதினால் ஒரு கூட்டல் காணாமற்போகிறது. இந்த இழப்பு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதைத் தாளில் வரைந்து பார்த்தால் திகைப்பாக இருக்கும்: கொள்கையளவில் இறுதி விடை 2 வரை இறங்கலாம். முதல் இழை 0 என்று படித்துவிட்டு நிற்கிறது. இரண்டாவது இழை 99,999 சுற்றுகளை முடிக்கிறது. முதல் இழை விழித்து 1 என்று எழுதுகிறது. இரண்டாவது அந்த 1-ஐத் தன் கடைசிச் சுற்றுக்காகப் படித்துவிட்டு நிற்கிறது. முதல் இழை தன் எஞ்சிய சுற்றுகளையெல்லாம் முடிக்கிறது. இறுதியாக இரண்டாவது இழை 2 என்று எழுதிவிடுகிறது. நடைமுறையில் இப்படி நேர்வது மிக மிக அரிது. ஆயினும் இதைத் தடுக்கும் எதுவும் உங்கள் நிரலில் இல்லை.

உகப்பாக்கம் கேட்டபோது சரியான விடை வந்ததற்குக் காரணம், கம்பைலர் அந்த மடக்கையே நீக்கிவிட்டு ஒரே அடியாக 1,00,000 கூட்டிவிட்டிருக்கும் என்பதுதான். மோதுவதற்கான வாய்ப்பு குறைந்துபோனது, நிரல் சரியாகிவிடவில்லை. இப்படிப் பூட்டின்றி ஒரே இடத்தில் இரு இழைகள் புழங்கி, அவற்றுள் ஒன்றேனும் எழுதுமானால், அது வரையறுக்கப்படாத நடத்தை என்று 2011ஆம் ஆண்டின் சி தரநிலை கூறுகிறது. வாலடைல் என்பது சாதனங்களின் நினைவக முகவரிகளைப் படிப்பது போன்ற வேலைகளுக்கானது. படித்துக் கூட்டி எழுதும் மூன்று செயல்களையும் அது ஒன்றாகக் கட்டிவைப்பதில்லை.

தீர்வாக, கூட்டலுக்கு முன் பிதிரெட்_மியூட்டெக்ஸ்_லாக், பின் பிதிரெட்_மியூட்டெக்ஸ்_அன்லாக் என்று எழுதலாம்; அல்லது அந்த மாறியை அட்டாமிக் (இடையில் பிளக்க முடியாத) வகையாக அறிவிக்கலாம். இந்த இரண்டையும்விட மேலானதாக நான் கருதுவது, ஒவ்வோர் இழையும் தனக்கென ஓர் உள்ளக மாறியில் கூட்டிக்கொண்டே வந்து, முடிவில் ஒரே ஒருமுறை மியூட்டெக்ஸைப் பூட்டிப் பொது மாறியில் சேர்ப்பது. 2,00,000 முறை பூட்ட வேண்டிய இடத்தில் இருமுறை பூட்டினால் போதும். பிழை எங்கே என்று கண்டறிய, ஜிசிசி, கிளாங் என்ற இரு கம்பைலர்களிலும் திரெட்சானிட்டைசர் என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கி நிரலைத் தொகுத்து ஓட்டினால், எந்த வரியும் எந்த வரியும் மோதின என்பதை அதுவே காட்டிவிடும். இழைகள் உள்ள எந்த நிரலையும் ஒருமுறையேனும் அதில் ஓட்டிப் பார்க்காமல் பிறரிடம் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பழைய பாடக்குறிப்பு ஒன்றில், ஒவ்வோர் இழையிலும் பிராசஸின் எண்ணைத் தரும் கெட்பிஐடி அழைத்தால் வெவ்வேறு எண் வரும் என்று இருக்கிறது. என் லினக்ஸில் எல்லா இழைகளுக்கும் ஒரே எண்தான் வருகிறது. எது சரி?

பதில்: உங்களுக்கு வருவதே சரி. இழைகளுக்கான போசிக்ஸ் தரநிலை 1995இல் வெளிவந்தது. லினக்ஸில் முதலில் பரவலாக இருந்த லினக்ஸ்திரெட்ஸ் என்ற நூலகம், சேவியர் லெராய் எழுதியது, ஒவ்வோர் இழையையும் தனி எண் கொண்ட பிராசஸாகவே கெர்னலிடம் காட்டியது. தரநிலைப்படி ஒரு பிராசஸின் இழைகள் அனைத்துக்கும் ஒரே எண்தான் இருக்க வேண்டும். உல்ரிச் டிரெப்பரும் இங்கோ மோல்நாரும் உருவாக்கிய என்பிடிஎல் என்ற இழை நூலகம், 2003 டிசம்பரில் வெளியான கெர்னல் 2.6இன் துணையோடு அந்தக் குறையை நீக்கியது. உங்கள் பாடக்குறிப்பு அதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்ததாக இருக்கும். இழைக்கென்று கெர்னல் வைத்திருக்கும் தனி எண் வேண்டுமானால், லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில் 2.30ஆம் பதிப்பு முதல் கெட்டிஐடி என்ற செயற்கூறு கிடைக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் இழை என உருவாக்கும் சர்வர் நிரலை எழுதியிருக்கிறேன். சில மணி நேரம் ஓடியபின் பிதிரெட்_கிரியேட் தோல்வியடைகிறது. பிஎரர் அழைத்தால் ‘வெற்றி’ என்று பொருள்படும் செய்தி வருகிறது! மேலும், பிதிரெட்டை விட்டுவிட்டு சி11 தரநிலையின் இழைகளுக்கு மாறலாமா?

பதில்: வியப்பூட்டும் அந்தச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். பிதிரெட் குடும்பத்துச் செயற்கூறுகள் தோல்வியை, பிழை எண்ணைத் தாங்கும் எர்நோ மாறியில் எழுதுவதில்லை. பிழை எண்ணையே திருப்பித் தருகின்றன. பிஎரர் பார்ப்பது எர்நோவை. அதில் சுழியம் இருந்ததால் ‘வெற்றி’ என்றது. திரும்பி வந்த எண்ணை ஒரு மாறியில் வாங்கி, ஸ்ட்ரெரர் மூலம் செய்தியாக மாற்றி அச்சிடுங்கள். உங்களுக்கு வருவது ஈஅகெயின், அதாவது வளம் போதவில்லை என்ற பிழையாகவே இருக்கும்.

வளம் எங்கே போயிற்று என்றால், முடிந்துபோன இழைகளிடம்தான். ஜாயினும் செய்யாமல் டிட்டாச்சும் செய்யாமல் விட்ட இழை, வேலை முடிந்த பின்னும் தன் ஸ்டாக்கையும் தன் பதிவையும் பிடித்துவைத்திருக்கிறது. லினக்ஸில் வழக்கமான அமைப்பில் ஓர் இழையின் ஸ்டாக் 8 எம்பி. இது முழுவதும் உடனே உண்மையான நினைவகத்தை எடுத்துக்கொள்வதில்லை, தொட்ட பக்கங்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆயினும் முகவரி வெளியில் அவ்வளவு இடமும் ஒதுக்கப்பட்டுவிடும். 3 ஜிபி முகவரி வெளி மட்டுமே கொண்ட 32 பிட் பிராசஸில் 400 இழைகளை எட்டுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். 64 பிட்டில் முகவரி வெளி தாராளம் என்றாலும், இழைகளின் எண்ணிக்கைக்குக் கெர்னல் வைத்திருக்கும் வரம்பும் நினைவகமும் குறுக்கே நிற்கும்.

உங்கள் சர்வருக்கு உடனடி மருந்து, இழையை உருவாக்கும்போதே பண்புகளில் டிட்டாச் நிலையைக் குறித்துவிடுவது. ஸ்டாக்கின் அளவையும் பிதிரெட்_ஆட்ர்_செட்ஸ்டாக்சைஸ் மூலம் குறைக்கலாம். ஆனால் இழையின் செயற்கூறில் பெரிய உள்ளக அணிகள் உள்ளனவா என்று பார்த்துவிட்டுக் குறையுங்கள். மசல் என்ற சி நூலகத்தில் இயல்பான ஸ்டாக் 128 கேபி மட்டுமே. ஜிலிப்சியில் நன்றாக ஓடிய நிரல்கள் அங்கே விழுந்துவிடுவதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது. நிலையான தீர்வு வேறு: கோரிக்கைக்கு ஓர் இழை என்ற முறையைக் கைவிட்டு, தொடக்கத்திலேயே குறிப்பிட்ட எண்ணிக்கையில் இழைகளை உருவாக்கி, வேலைகளை ஒரு வரிசையில் இட்டு, ஓய்வாக இருக்கும் இழை அடுத்த வேலையை எடுத்துக்கொள்ளும்படி அமைப்பதுதான். கணக்கிடும் வேலையே மிகுதியென்றால், சிஸ்கான்ஃப் அழைத்துக் கோர்களின் எண்ணிக்கையை அறிந்து அதே அளவில் இழைகளை வைத்துக்கொள்ளலாம். வலையமைப்புக்காகவோ வட்டுக்காகவோ காத்திருக்கும் வேலையே மிகுதியென்றால் அதைவிடக் கூடுதலாக வைத்து அளந்து பாருங்கள்.

சி11க்கு மாறுவது பற்றி: அதில் திரெட்_கிரியேட் மூன்று செயலுருபுகளையே பெறுகிறது, பண்புகளைக் கொடுக்கும் இடம் இல்லை, இழையின் செயற்கூறு வாய்ட் பாயிண்டருக்குப் பதிலாக இன்ட் ஒன்றைத் திருப்பித் தருகிறது. உருவாக்கிய உடனே ஓடத் தொடங்கும் என்பதில் மாற்றமில்லை. ஸ்டாக் அளவை மாற்ற வேண்டிய உங்கள் சர்வருக்கு அது பொருந்தாது. மேலும், தரநிலையில் அந்தப் பகுதி விருப்பத்துக்குரியதாகவே வைக்கப்பட்டிருக்கிறது; ஜிலிப்சியில் அது 2018இல், 2.28ஆம் பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. பிதிரெட்டிலேயே இருங்கள். தொகுக்கும்போது கம்பைலருக்கு ‘பிதிரெட்’ தேர்வைக் கொடுக்க மறவாதீர்கள். 2021இல் வெளியான ஜிலிப்சி 2.34 முதல் பிதிரெட் நூலகம் முதன்மை சி நூலகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டதால் அது இல்லாமலும் நிரல் இணைந்துவிடக்கூடும். ஆனால் அதற்கு முந்தைய பதிப்புள்ள கணினியில் அதே நிரல், பிதிரெட்_கிரியேட் கிடைக்கவில்லை என்ற இணைப்புப் பிழையோடு நின்றுவிடும்.